கடைசியில் நிற்பவர்

முன்னொரு காலத்தில், பொழுது சாய்ந்தால் புலிகள் மதிலோரம் வந்து உலவும் கோட்டை ஒன்று இருந்தது. அந்நாட்டில் உப்பு விற்கும் உரிமை அரசனுக்கு மட்டுமே உண்டு. ஒருநாள் அவனுக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது.

"நம் உப்புப் பண்டகசாலைக்கு வருபவர்களுள் யாரால் நமக்கு ஆதாயம் மிகுதி, யாரால் குறைவு? எல்லாரையும் அந்த வரிசைப்படி நிறுத்திப் பார்க்க வேண்டும்" என்றான்.

விகடகவி திருமேனியின் மீது நெடுநாள் பொறாமை கொண்டிருந்த கருவூலத் தலைவர் வீரபாகு, உடனே ஆணையை ஓலையில் எழுதி நீட்டினார்: "வரிசையின் கடைசியில் நிற்பவரைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவடைக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் திருமேனி. இடையில் நிறுத்தினால் அவர் தலை துண்டிக்கப்படும்."

அரசன் படித்துப் பாராமலே முத்திரையிட்டான்.

மறுநாள் பிற்பகல் ஊரே வரிசையில் நின்றது. அரசன் கோட்டை வாசல் மேடையில் அமர்ந்து பார்த்தான். ஆண்டுக்கு இருநூறு மூட்டை உப்பு வாங்கும் வீரபாகு முதலிடத்தில் நின்று மீசையை நீவினார். கடைசி இடம் மோர்க்காரி பூவாயிக்கு வாய்த்தது. அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. திருமேனியின் முதுகுக்குப் பின்னால் கொலையாள் வாளோடு நின்றான்.

"சாமி, கூழுக்குப் போட ஒரு பிடி உப்புதானே வாங்குறேன்! அதுக்காகவா என்னையும் புள்ளையையும் புலிக்குப் போடுறீங்க?"

திருமேனி அவளருகே குனிந்தார். "பொறு, தாயே. நீ தனியாகப் போகமாட்டாய்" என்று முணுமுணுத்தபடி அவளை வெளியே அனுப்பினார். கதவு அடைபட்டது.

"முடிந்தது. இனி எல்லாரும் கலையலாம்" என்றார் வீரபாகு.

"எப்படி முடியும், ஐயா? இப்போது கடைசியில் குயவர் மாடசாமி நிற்கிறாரே! நான் நிறுத்தினால் என் தலை போகும். ஓலை தாங்கள் எழுதியது."

குயவர் போனார். அவருக்கு முன்னால் நின்ற நெசவாளர் போனார். ஒவ்வொரு முறை கதவு அடைபட்டபோதும் நடுக்கம் வரிசையில் ஓர் ஆள் முன்னேறியது. வெளியே அழுகுரல் பெருகியது. வெயில் மங்கியது. காட்டில் ஏதோ உறுமியது.

இறுதியில் வீரபாகு மட்டும் எஞ்சினார்.

"நான் முதலாமவன்!"

"ஆம், ஐயா. ஆனால் கடைசியிலும் தாங்களே நிற்கிறீர்கள்."

"அரசே! காப்பாற்றுங்கள்!"

அரசன் எழுந்தான். "இவரும் போய்விட்டால் நம் உப்பை வாங்க யார் இருக்கிறார்?"

"அரண்மனை அடுக்களை ஒன்றுதான், அரசே. அதன் பிறகு இந்த ஆணை யாரைத் தேடி வரும் என்று சொல்ல எனக்கு அச்சமாக இருக்கிறது" என்ற திருமேனி, கண்களை மூடிக் கழுத்தைத் தாழ்த்தினார்.

அரசனின் முகம் சிவந்தது. பிறகு அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஓலையைக் கிழித்தெறிந்தான். கதவைத் திறக்கச் சொல்லி எல்லாரையும் உள்ளே அழைத்தான். வாளுக்காகக் குனிந்திருந்த கழுத்தில் தன் முத்துமாலையை அணிவித்தான்.

மறுநாள் முதல் பண்டகசாலையில் முந்தி வந்தவர்க்கே முதல் உப்பு. தாமதமாக வந்த வீரபாகு, பூவாயிக்குப் பின்னால் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா," என்றாள் அவள். "மோர்ப்பானை இடிக்குது."