சூடு ஆறும்வரை

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் வந்தது. அரிசியில் கிடந்த கல்லை யாரோ விடாமல் மெல்லுவது போன்ற சத்தம்.

ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். வீட்டில் அவளையும் தூங்குகிற குழந்தையையும் தவிர யாருமில்லை. கணவன் லூர்து வெளியே போயிருந்தான். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது அவன் சட்டம். "என் வீட்டுக் கதவை நான் தட்டிட்டு நிக்கணுமா?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டான். கேட்ட விதத்தில் அவள் அதற்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாளைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கதவுக்கு அடித்த பெயின்ட் அதன் மேலேயே உறைந்து கிடந்தது.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. கட்டிலின் மேல் லூர்துவின் பழைய லேப்டாப்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவன் தொழில். வேகம் போதவில்லை என்று எங்கிருந்தோ பெரிய ப்ராசசர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். "நீதான் ரிப்பேர் வேலை கத்துக்கிறியே, மாட்டு" என்றான்.

மாட்டினாள். "இதுக்கு ஃபேனும் மாத்தணும்ங்க. இந்தச் சூட்டைப் பழசு தாங்காது" என்றாள்.

"அதெல்லாம் தாங்கும்."

அன்றிலிருந்து மெஷின் பறந்தது. ஃபேன் கதறியது. கதறல் கேட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும். குழந்தை அழுதால் லூர்துவுக்கு ஆகாது. இன்றைக்கும், "நான் வரும்போது இந்தச் சனியன் கத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

அவள் மெஷினை அணைத்தாள். அடி மூடியைக் கழற்றினாள். ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியை மாட்டினாள். மறுபடி போட்டபோது, ஃபேன் சுழலவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த வரி போய்விடும்.

அமுக்கினாள். போய்விட்டது.

வீடு அமைதியாக இருந்தது. லூர்து வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தான். "ஆங், இப்படி இருக்கணும்" என்றான். அவள் குழந்தையின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். கண்ணை மூடினாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளறையில் திரை வெளிச்சம் திடீரென்று அணைந்தபோதுதான் தெரிந்தது.

*

சபூராவின் கடை பஜாரில் ஒரு மாடியில் இருந்தது. கடைத்தெருவே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஜெசிந்தாவைவிட இளையவள். கான்வென்டில் ஜெசிந்தா பள்ளித் தலைவியாக இருந்த காலத்தில், தினமும் தாமதமாக வந்து அவள் முன்னால் முட்டி போட்டவள். இப்போது ஜெசிந்தா சிஷ்யை.

"வாங்க தலைவி" என்றாள் சபூரா, நிமிராமலே. "இன்னைக்கும் லேட். முட்டி போடுங்க."

வழக்கமான கேலிதான். வழக்கமாக ஜெசிந்தா சிரிப்பாள். சிரிப்புச் சத்தம் வராததால் சபூரா நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெசிந்தாவின் வலது கை வீங்கியிருந்தது. அது புதிதல்ல. இடுப்பில் குழந்தை ரெனி. குழந்தையின் ஒரு காது சிவந்து தடித்திருந்தது. அது புதிது.

சபூரா அந்தக் காதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லேப்டாப்புக்குக் கை நீட்டினாள்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"தானா ஆஃப் ஆயிட்டு மாஸ்டர். பாதி வேலையில. ஒரு கல்யாணமே அழிஞ்சு போச்சாம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வரச் சொன்னாங்க."

சபூரா மூடியைத் திறந்தாள். ஃபேனின் ஒயர் தனியாகத் தொங்கியது.

"எலி கடிச்ச மாதிரி இல்லையே."

"நான்தான் பிடுங்கினேன்."

"ஏன்?"

"சத்தம் போட்டுது."

"இப்ப சத்தம் போச்சா?"

"போச்சு."

"சூடு?"

ஜெசிந்தா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஃபேன் ஓடலன்னு ஒரு வரி வந்திருக்குமே அக்கா?"

"வந்துது. அமுக்கிட்டேன். அவங்க பாக்கறதுக்கு முன்னாடி."

சபூரா ஒயரைத் தொடவில்லை. அப்படியே மெஷினைப் போட்டு, கனமான ஒரு வீடியோவை ஓடவிட்டாள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீடியோவில் யாரோ ஒரு மணப்பெண் படியேறிக்கொண்டிருந்தாள். மெஷின் மூச்சுக் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மணப்பெண் விக்கி விக்கி நடந்தாள். பிறகு திரை கறுத்தது.

"போடுங்க" என்றாள் சபூரா.

ஜெசிந்தா பொத்தானை அமுக்கினாள். வரவில்லை. அழுத்தி அமுக்கினாள். வரவில்லை. மறுபடி, மறுபடி அமுக்கினாள். லூர்து நேற்று அமுக்கியதைப் போலவே அமுக்கினாள்.

"கெட்டுப் போச்சா மாஸ்டர்?"

"இல்ல."

"பிறகு ஏன் பிடிவாதம் பிடிக்குது?"

"டீ குடிப்போம்" என்றாள் சபூரா.

டீ வந்தது. குடித்தார்கள். ரெனி சபூராவின் வளையல்களைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டாள். காலி கிளாஸை எடுத்துப் போக டீக்கடை ஆள் வந்தபோது, சபூரா ஒரு விரலால் பொத்தானைத் தொட்டாள். மெஷின் வந்தது.

ஜெசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள். "அவங்க ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எவ்வளவு சூடானாலும் நிக்காம ஓடுற மாதிரி பண்ண முடியுமா?"

சபூரா மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு பழைய லேப்டாப் போர்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ப்ராசசர் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய குழி.

"இதைக் கொண்டு வந்தவரும் அப்படித்தான் கேட்டார். நான் மாட்டேன்னேன். வேற எடத்துல போய்ப் பண்ணிக்கிட்டார். ரொம்ப நல்ல மெஷின்க்கா. கடைசி வரைக்கும் நிக்கவே இல்லையாம். அவர் இங்க வந்து பெருமையாச் சொன்னார்."

ஜெசிந்தா குழியின் ஓரத்தை விரலால் தடவினாள். விரலில் கரி ஒட்டியது.

"இதைச் சரி பண்ண முடியாதா?"

"முடியாது."

"பிறகு எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கேக்கறவங்க கையில குடுக்க."

ஜெசிந்தா விரலைச் சேலையில் துடைத்தாள். கரி போகவில்லை.

"சூடானா நிக்கணும்னு மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுக்கறா மாஸ்டர்?"

"யாரும் இல்ல. செஞ்சவன் உள்ளேயே வச்சு அனுப்பியிருக்கான்."

"சிஸ்டர் எங்களுக்குப் பொறுமையைத்தானே சொல்லிக் குடுத்தாங்க. வேதபாட கிளாஸ்ல எனக்கு முதல் பரிசு."

"தெரியும். நானும் அந்த வராண்டாவுலதான் இருந்தேன், முட்டி போட்டுக்கிட்டு."

இந்த முறை ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. சபூரா அலமாரியிலிருந்து புது ஃபேனையும், சூட்டை இழுத்து வெளியேற்றும் இரட்டைச் செப்புக் குழாய் வைத்த பட்டையையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"அழுதுட்டே மாட்டலாம். சூடு கடத்துற பேஸ்ட்ல தண்ணி படாம பாத்துக்கோங்க."

வலது கை ஒத்துழைக்கவில்லை. ஜெசிந்தா இடது கையால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தாள். பழைய பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்தாள். ப்ராசசர் மேல் புதுப் பேஸ்ட் ஒரு பொட்டு வைத்தாள். பட்டையை அதன் மேல் உட்கார வைத்து முதல் ஸ்க்ரூவைக் கடைசி வரை முறுக்கப் போனாள்.

"நில்லுங்க. ஒரே மூலை மேல எல்லாத்தையும் ஏத்தினா சிப் உடைஞ்சிரும். நாலு மூலையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கட்டும்."

"நாலு மூலை இருந்தாத்தானே மாஸ்டர்?"

சபூரா குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். பட்டையின் எதிர் மூலையில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப முறுக்குங்க."

*

பொழுது சாயும் முன்பே சபூரா கடையை அடைத்தாள். ஜெசிந்தா கூப்பிடவில்லை. சபூரா தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள்.

வீட்டு வாசலில் ஜெசிந்தா நின்றாள். லேப்டாப் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். உள்ளே போய் லூர்துவின் துணிகளில் நாலைந்தை எடுத்து மடித்து வந்து பையின் மேல் வைத்தாள். எல்லாவற்றையும் வாசல்படியில், வெளிப்பக்கமாக வைத்தாள்.

"சார்ஜர்?" என்று உள்ளிருந்து கேட்டாள் சபூரா.

"வச்சிட்டேன். சத்தமே இல்லாம ஓடும்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அசையவில்லை. வெள்ளைப் பெயின்ட் அதைக் கதவோடு கதவாக ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுற்றிலும் சுரண்டினாள். பெயின்ட் பத்தை பத்தையாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே துரு. ஃபேனுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டாள்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் ஆயிரம் பைக்குக்கு நடுவிலும் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்தது.

சபூரா தரையில் உட்கார்ந்து ரெனிக்குப் பால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தட்டுவான் மாஸ்டர்" என்றாள் ஜெசிந்தா. இதுவரை அவனை அவள் 'அவன்' என்று சொன்னதில்லை. "விடவே மாட்டான். தட்டிக்கிட்டே இருப்பான்."

சபூரா குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"காலையில அந்தப் பொத்தானை நீங்க எத்தனை தடவை அமுக்கினீங்கக்கா? சூடு ஆறாம வந்துதா?"

ஜெசிந்தா கதவுப் பக்கம் திரும்பினாள். பைக் வாசலில் வந்து நின்றது. அவள் இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைப் பிடித்து அசைத்தாள். அது முனகியது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி கொஞ்சம். பிறகு, ஒரே இழுப்பில், குழிக்குள் போய் விழுந்தது.