ராஜாவின் ஊஞ்சலில் வந்த கள்ளப் பயணி

கர்ர்... கிர்ர்... கர்ர்.

கடல் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு இன்னும் ஒரு காதம் தள்ளி அலையடித்த காலத்தில், கடற்குடி நாட்டைச் சேதுகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். விளக்கு வைத்துச் சற்று நேரமானதும் இந்தச் சத்தம் கேட்டது அவருடைய படுக்கையறையில்தான். அவர் படுத்துறங்கும் ஊஞ்சல் ஆடினாலும் கேட்டது, நின்றாலும் கேட்டது. காவலர்கள் வேலோடு ஓடிவந்து மூலை முடுக்கெல்லாம் குத்திப் பார்த்தார்கள். அகப்பட்டது ராஜாவின் பழைய செருப்பு ஒன்றுதான். பேயென்றே ராஜா முடிவு கட்டிவிட்டார். போர்க்களத்தில் யானைக்கு அசராத மனிதர், அறைக்கதவைத் திறந்து போட்டு, பன்னிரண்டு காவலர் நடுவே போர்வைக்குள் சுருண்டுகொண்டார்.

ஐந்தாம் நாள் சபையில் சுங்கத் தலைவர் வல்லபராயர் எழுந்தார். இது உள்ளூர்ப் பேயாகத் தெரியவில்லை, கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும், துறைமுகத்தில் சோதித்து உள்ளே விடுகிறவள் உலகம்மைதானே என்று வெகு பணிவாகச் சொன்னார்.

உலகம்மை சுங்கச் சாவடியில் சரக்குப் பார்ப்பவள். கஸ்தூரியை மோந்தே கலப்படத்தைச் சொல்லிவிடுவாள். பவளத்தை நகத்தால் கீறி, அரக்கு என்று ஒதுக்கிவிடுவாள். வணிகர்கள் ராயரின் முத்திரையைவிட இவள் தலையசைப்பைத்தான் நம்பினார்கள். ராயருக்கு அது கண்ணில் விழுந்த மிளகாய்.

சத்தம் போடுவதை மூன்று நாளில் பிடித்துத் தராவிட்டால் உலகம்மை கப்பலேறி நாட்டைவிட்டே போக வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். அதுவரை அவள் வீட்டு வாசலில் இரண்டு காவலர். ஓடிப்போகாமலிருக்க, கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்க வேண்டும். புருஷனோ மரக்கலத்தில் போய் ஆறு மாதம். இடுப்பில் இன்னும் பல் முளைக்காத பெண் குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு எந்தக் கரையில் போய் இறங்குவது?

அன்று விளக்கு வைத்ததும் குழந்தையோடு அரண்மனைக்குப் போனாள். ஊஞ்சல் பலகையில் காதை வைத்தாள். கர்ர்... கிர்ர். உள்ளே வண்டு குடைகிறது.

பலகையின் அடியில் நகத்தால் கீறிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ராஜா கடல்கடந்து போனபோது, இரண்டு யானை விலை கொடுத்து ஆசையாக வாங்கிவந்த சந்தனப் பலகை அது. வயிரம் பாய்ந்த சந்தனத்தை எந்த வண்டும் தொடாது. இது இலவ மரம். மேலே சந்தன எண்ணெய் தடவிய பொய்ச் சரக்கு.

பொய்ச் சரக்கைக் கொண்டுவருபவர் யாரானாலும் அதைத் தலையில் சுமந்து கோட்டையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது ராஜாவே போட்ட சட்டம். போன வாரம்தான் குங்குமப்பூச் செட்டியார் மூட்டையோடு சுற்றினார். ராஜா மாடத்தில் நின்று கைதட்டினார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் கப்பல். சொன்னால் அதைவிடக் கேடு.

அப்போதுதான் ஊஞ்சல் வந்திறங்கிய அன்று சாவடியில் நடந்தது நினைவுக்கு வந்தது. பயம் போகவில்லை. ஆனால் கூடவே சிரிப்பும் வந்தது.

மறுநாள் சபையில் சொன்னாள். "அது பேயில்லை, மகாராஜா. சோதனைக்கு நிற்காமல் உள்ளே நுழைந்த வெளிநாட்டுக்காரன். உங்கள் ஊஞ்சலுக்குள் ஒளிந்திருக்கிறான். அவனைப் பிடித்துவிடலாம். கொண்டுவந்தவரை என்ன செய்ய?"

"சட்டப்படி செய்."

"பெரிய மனிதராக இருந்தால்?"

ராஜா வாய் திறப்பதற்குள் ராயர் முந்திக்கொண்டார். "பெரியவர் சிறியவர் பார்க்கச் சட்டத்துக்குக் கண் ஏது? சாக்குச் சொல்லாதே, பெண்ணே."

ராஜாவும் ஆமென்று தலையசைத்தார்.

பலகையைக் கொண்டுவந்து தச்சர் உளியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கறுப்பு வண்டு வெளியே வந்து, சபையைப் பார்த்து மீசையை ஆட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், ராஜாவும்தான். "வண்டா? சந்தனத்தை வண்டு குடையாதே" என்றவர், சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மந்திரிமார்களுக்குத் திடீரென்று தத்தம் அங்கவஸ்திரத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

"அப்படியானால் இந்தப் பொய்ச் சரக்கைக் கொண்டுவந்தது..." ராஜாவின் குரல் தாழ்ந்தது.

"சாவடி ஏட்டைப் பார்த்துவிடலாம், மகாராஜா."

கணக்கர் படித்தார். "சந்தன ஊஞ்சல் பலகை, ஒன்று. கொண்டுவந்தவர், வல்லபராயர். சோதனை, வேண்டியதில்லை."

நடந்தது இதுதான். சரக்குக்கு உடையவர் அதன் பக்கத்திலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்பது சாவடி வழக்கம். கருவாட்டு வியாபாரிகளுக்குப் பின்னால் ராஜாவை நிறுத்துவதா என்று பதறிய ராயர், உலகம்மையை அப்பால் போகச் சொல்லிவிட்டு, தம் பெயரையே எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

"மகாராஜாவின் கௌரவத்துக்காகத்தான்..." என்று இழுத்தார் ராயர்.

"தெரியும் ஐயா. சட்டத்துக்குத்தான் கண்ணில்லையே" என்றாள் உலகம்மை.

ராஜா அவளையே உற்றுப் பார்த்தார். "உலகம்மா, ஏட்டில் என் பெயர் இருந்திருந்தால்?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நீங்கள்தான் சுமந்திருப்பீர்கள், மகாராஜா. சும்மாடு மட்டும் நான் சுற்றித் தந்திருப்பேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் வண்டு மறுபடி பலகைக்குள் ஓடிவிட்டது.

ராயர் பலகையோடு கோட்டையைச் சுற்றினார். குங்குமப்பூச் செட்டியார் மோர்ச் செம்போடு காத்திருந்து, "மேற்கு வாசல் சரிவிலே பார்த்துப் போங்க, ராயரே. எனக்கு அங்கேதான் இடுப்பு பிடிச்சது" என்றார். மூன்றாம் சுற்றில், வாங்கி ஏமாந்தவன் நான்தானே என்று ராஜாவே இறங்கிவந்து, உலகம்மை சுற்றித் தந்த சும்மாட்டோடு மறுமுனைக்குத் தலைகொடுத்தார். அன்றுமுதல் ராஜாவின் பெட்டியும் சாவடி வரிசையில் நின்றது. ராயரின் முத்திரை மோதிரம் உலகம்மையின் கைக்கு வந்தது. கப்பலேறியது வண்டு மட்டும்தான், ஒரு கொட்டாங்கச்சிக்குள்.

அன்று மாலை காவலர் இருவரும் வேல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனை தாண்டிப் போகும்வரை உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். இரண்டு நாளாகத் திறந்தே கிடந்த கதவைச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.