இட்லி சோப்பு

“என் சோப்புல ஒரு குத்தமும் கெடையாது. பெறகு ஏன் என் பொண்டாட்டி அதைத் தொட மாட்டேங்கா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு, கக்கத்தில் வேதாகமத்துடன் ஞானசிகாமணி ஆவுடைச்செல்வியின் சமையலறை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டார்.

இந்தக் கதையில் சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. தாடிகூடச் சீடருக்குத்தான் இருந்தது.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவள் அவர் தெருவுக்குத் தபால் கொண்டு வருகிறவள். வார நாட்களில் ஸ்கூட்டியும் கடிதமும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் சோப்பு.

விற்பதற்கு இல்லை. சோப்பு ஊற்றப் பிடிக்கும், ஊற்றினாள். யாராவது ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் அடுத்த வாரம் அவர்களுக்கு ஒரு சோப்பு கொடுப்பாள். அச்சுக்கு ஒரு பழைய எவர்சில்வர் இட்லித் தட்டு. குளியலறையில் இட்லி கிடந்தால் அது ஆவுடை தபால் கொடுக்கும் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பேராசிரியரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“உக்காருங்க டீச்சர். நான் படிக்க வந்திருக்கேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் தரையில் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. முட்டி வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தே விட்டார்.

“அம்மா தொடலைன்னு யாரு சார் சொன்னா?”

“தராசு சொல்லிச்சு.”

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் ஞானசிகாமணி சோப்பில் இறங்கினார். சும்மா இறங்கவில்லை. மில்லிகிராம் காட்டும் தராசு, கண்ணாடி, கையுறை, கோடு போட்ட நோட்டு, எல்லாவற்றோடும் இறங்கினார். முனை மழுங்காத செவ்வகக் கட்டிகளாக எட்டு முறை செய்து முடித்துவிட்டார். மனைவி எப்சிபாவுக்கென்று தனிப் பெட்டியில் ஒரு கட்டி வைத்து, தினமும் காலையில் அதை எடை போட்டுக் குறித்து வந்தார்.

ஒரு ஆள் குளித்தால் சோப்பு தேய வேண்டும். அது தேயவில்லை. ஆனால் தினமும் ஈரமாக மட்டும் இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். மிக்சி வந்த அட்டைப் பெட்டிக்குள், பழைய துண்டில் சுற்றி, பாதி கரைந்த இட்லி ஒன்று இருந்தது.

“தெனமும் என் சோப்பைக் குழாய்ல நனைச்சு வச்சிட்டு, ஒங்க சோப்புல குளிக்கா. முப்பத்தாறு வருஷத்துல அவ எங்கிட்ட சொன்ன மொதப் பொய் இது, டீச்சர்.”

ஆவுடைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவார் போலிருந்தது.

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்க? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாம்லா? ஒத்த வார்த்தை. அதைச் சொல்ல முடியாம, கட்டின புருஷனுக்குப் பயந்து ஒரு சோப்பை ஒளிச்சு வச்சா குளிக்கணும்? நான் என்ன புலியா?”

ஆவுடை அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“சோப்பு நல்லா வரலைன்னாலும் போயிட்டுப் போகுது. அவ எங்கிட்டப் பயப்படக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க.”

“ஒங்க சோப்பு இருக்கா?”

இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்தார். காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றியிருந்தார்.

“அதுல கையைக் கழுவிட்டு வாங்க.”

கழுவினார். துடைத்தார். விரலோடு விரலைத் தேய்த்தார். கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது.

“கேட்டீங்களா? சத்தம் வருதுன்னா அழுக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லைன்னு அர்த்தம்.”

“அந்த வேதப் புஸ்தகத்துல எங்கனயாவது ஒரு பக்கத்தைப் பொரட்டுங்க சார்.”

வேதாகமத்தின் தாள் வெங்காயச் சருகுபோல மெலிசு. விரல் வழுக்கியது. மறுபடி முயன்றார். நாலு பக்கம் சேர்ந்து வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. பழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்ய அவர் விரல் தானாக எழுந்தது. நாக்குக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால், அவர் சோப்பு வீட்டில் புழங்கத் தொடங்கிய புதிதில், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சிபா விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினாள். அதற்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை. “வேதத்துல எச்சில் படலாமா?” என்று அவர் அவள் காதோரம் கண்டித்தார்.

அதற்கப்புறம் அவள் கோயிலில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டு, பிறர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி வேதாகமத்தை மூடினார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க சார்,” என்றாள் ஆவுடை. “ஒங்க அச்சையும் கொண்டு வாங்க.”

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது அவள் ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காஸ்டிக் சோடாவை நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிறுத்தாள். இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தாள். பிறகு தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவில்லை. ஞானசிகாமணிக்கு மனசு குளிர்ந்தது. எத்தனையோ மாணவர்களிடம் அவர் தலையால் தண்ணீர் குடித்தும் இந்த ஒழுங்கு வந்ததில்லை.

இருந்தாலும் வாத்தியார் புத்தி விடுமா?

“இதுல மஞ்சத்தூள் போட்டா என்னாகும், தெரியுமா?”

“செவக்கும்.”

“எப்படித் தெரியும்?”

“ஆலத்தித் தட்டுல மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு சேந்தா செவக்கும்லா சார். அதே கததான்.”

இதை நடத்த அவர் கல்லூரியில் ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொள்வார்.

“தட்டு அலுமினியமா?”

“எவர்சில்வர். அலுமினியத்துல ஒருக்க ஊத்தினேன். பொங்கி, தட்டெல்லாம் அரிச்சுட்டு. எங்கம்மை என்னையத் தேடித் தேடி ஏசினா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தப்பு செய்ததை இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒருத்தியை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அவர் வகுப்பில் அப்படி யாரும் சொன்னதில்லை.

தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த பாத்திரத்தில் சோடாத் தண்ணீர் இறங்கியது. ஆவுடை கிண்டினாள். இட்லி மாவுப் பதத்துக்கு வந்தது. இனி ஊற்ற வேண்டியதுதான் என்று அவர் அச்சை நீட்டினார்.

அவள் நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து ஒரு குழிக்கரண்டி நிறைய ஊற்றிக்கொண்டாள்.

“இது எதுக்கு? இதுக்குச் சோடா போடலையே.”

“போடலை.”

“அப்போ இது சோப்பா மாறாது.”

“மாறாது.”

“எண்ணெயாவே கெடக்கும்.”

“கெடக்கட்டும்.”

இது அவர் அறியாத சங்கதி அல்ல. கொஞ்சம் எண்ணெயை மிச்சம் வைக்கச் சொல்லிப் புத்தகங்களில் படித்திருக்கிறார். நல்ல தராசு இல்லாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார். அவர் கணக்கில் ஒரு சொட்டு எண்ணெய் மிஞ்சாது, ஒரு துகள் சோடா மிஞ்சாது. பரீட்சைத் தாள் திருத்தும்போதும் அப்படித்தான். முப்பத்தொன்பதரை எடுத்தவனை அவர் ஒருநாளும் நாற்பதாக்கியதில்லை.

“கணக்குப்படி இது தப்பு, டீச்சர்.”

“தப்புதான் சார்.”

அவள் ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வீட்ல அம்மா வச்ச கொழம்புல உப்பு கூடிட்டுன்னா சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன். உள்ளதைச் சொல்லணும்லா.”

“பேசும்போது ஒரு தேதியை மாத்திச் சொல்லிட்டா?”

“திருத்துவேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க ஊத்துங்க.”

கணக்குக்கு வெளியே ஒரு சொட்டு ஊற்றிப் பழகாத கை. இரண்டு சொட்டு மேடையில் சிந்தியது. மிச்சம் பாத்திரத்துக்குள் போனது.

கிண்டி முடித்து, பாதியை இட்லித் தட்டிலும் பாதியை அவர் அச்சிலும் ஊற்றினாள்.

“கட்டியானதும் வெட்டி, நாப்பது நாள் காத்துல வைங்க. தெனமும் திருப்பிப் போடுங்க. எடை போடாதீங்க.”

“எடை போடாம எப்படித் தெரியும்?”

“திருப்பிப் போடுங்க சார்.”

*

நாற்பது நாள் என்பது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் கணக்கு. ஞானசிகாமணி அதை நோன்பாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாளும் கை தராசிடம் போனது. மூன்றாம் நாள் தராசைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் ஏற்றிவிட்டார். காலையில் எழுந்ததும் கட்டிகளைத் திருப்பிப் போடுவார். அதற்குமேல் அவற்றிடம் அவருக்கு வேலை இல்லை.

எப்சிபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, ரசத்தில் உப்பே இல்லை. அவர் வாயைத் திறந்தார். மூடினார். கை நீட்டி உப்புக் கிண்ணத்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். எப்சிபா எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் ஒண்ணும் இல்லையே,” என்றாள்.

*

நாற்பத்தொன்றாம் நாள், பதினோரு மணி வாக்கில், ஆவுடை அந்தத் தெருவில் தபால் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஞானசிகாமணி கைலியோடு கேட்டுக்கு வெளியே ஓடி வந்தார். கல்லூரியில் அவரைப் பார்த்து நடுங்கிய எவனாவது அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான்.

“டீச்சர்! அவ என் சோப்பைக் கொறை சொல்லிட்டா!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் கவனிக்கவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“‘பரவால்ல. ஆனா ஆவுடை சோப்பு அளவுக்கு வரல’ன்னா. சொல்லிட்டு உள்ள போயி மிக்சிப் பெட்டியில இருந்து ஒங்க சோப்பை எடுத்துட்டு வந்து, என் கண்ணு முன்னாலயே என் சோப்புக்குப் பக்கத்துல வச்சா. ‘ஒருநாள் இது, ஒருநாள் அது’ன்னா!”

தோற்றுப்போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை ஆவுடை பார்த்ததில்லை. அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

“வேற என்ன சொன்னாங்க?”

“‘தோலு இழுக்கவே இல்லையே, இந்தத் தடவ சோடா போட மறந்துட்டீங்களோ’ன்னு கேட்டா.”

ஆவுடை ஸ்கூட்டியை அணைத்தாள். தெரு அமைதியானது.

“சோடா போடாட்டி அது சோப்பே கெடையாதே சார்.”

“கெடையாது.”

“வெறும் எண்ணெயால்லா இருந்திருக்கும்.”

“வெறும் எண்ணெய்தான்.”

“அம்மாகிட்ட சொன்னீங்களா?”

முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் நடத்தியவர் ஒரு நிமிஷம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே எப்சிபா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாய் வரைக்கும் வந்துட்டு, டீச்சர்,” என்றார். “கெடக்கட்டும்னு இருந்துட்டேன்.”