கோமதி சிரித்த ஷாட்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் யார் என்ன சொன்னார்கள், யார் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி. அங்கே விஸ்காம் கடைசி வருடம் படித்த பெல்சியாவுக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் வேலை உறுதியாகியிருந்தது. எல்லாப் பேப்பரிலும் பாஸாகி ஜூனில் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாக்கி இருந்தது ஒரே பேப்பர். ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். நடிப்பவர் பாட்டுக்கு வாயசைக்கும் ஷாட் ஒன்றாவது அதில் இல்லையென்றால் ஞானதுரை சார் பாஸ் போட மாட்டார். முடிந்த வீடியோக்களைப் பெற்றோரைக் கூட்டிவைத்து அரங்கில் போட்டுக் காட்டுவது அந்தக் கல்லூரி வழக்கம்.

இயக்கம் பெல்சியா, கேமரா சுடலைமணி, எடிட்டிங் ரெக்ஸ்லின். நடிக்க ஒருத்தி வேண்டுமே என்று பி.காம் படிக்கும் கோமதியைக் கேட்டார்கள். சங்கரன்கோவில்காரி, நன்றாக ஆடுவாள். ஆனால் ஆடுவது வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

"வாரேன்ட்டி. ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம என் மூஞ்சி வெளிய வரக்கூடாது. சரியா?"

"கேக்காம வராது, மாதா மேல சத்தியம்" என்றாள் பெல்சியா. பக்கத்தில் நின்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

முகம் தெரியாமல் வாயசைப்பை மட்டும் எப்படிக் காட்டுவது? பெல்சியா மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டாள். உப்பளத்து வரப்பில், இறங்கும் சூரியனுக்கு முன்னால் கோமதியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஆள் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிவாள். உதடு அசைவது மட்டும் புரியும். அதையும் ஸ்லோமோஷனில் எடுக்க ஆசைப்பட்டார்கள். அதற்கு ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடிப்பவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். கேமராவின் வேகத்தையும் அதேபோல் கூட்டி எடுத்து, பிறகு எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தால் வாய் பாட்டோடு சேர்ந்துவிடும், கூந்தலும் தாவணியும் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் அசையும்.

பாட்டை ஓடவிட்டார்கள். கோமதியும் மூச்சு வாங்க வாங்க வாயசைத்தாள். கேமராவின் வேகத்தைக் கூட்ட மட்டும் சுடலைமணி மறந்துபோனான். கடைசி டேக்கில்தான் அவனுக்கு உறைத்தது. யாரிடமும் மூச்சு விடாமல் மாற்றிக்கொண்டான். அதற்குள் சூரியன் மறைந்து, முகம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கீச்சுக்குரலில் ஓடிய பாட்டைத் தாங்க முடியாமல் கோமதி, வாயசைத்தபடியே கேமரா பக்கம் முழுசாகத் திரும்பிச் சிரித்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். மத்தியானம் எடிட்டிங் அறையில் போட்டுப் பார்த்தால் நிழலுருவ ஷாட்டுகள் எல்லாம் வேகத்தைப் பாதியாக்கியதும் விக்கி விக்கி ஓடின. ஒன்றும் தேறவில்லை. உருப்படியாக இருந்தது அந்தச் சிரித்த ஷாட் ஒன்றுதான். அது அவ்வளவு அழகாக இருந்ததுதான் சங்கடம். பெல்சியாவுக்கே அதை விட மனசில்லை.

கோமதியோ காலையிலேயே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். போன் அணைந்து கிடந்தது.

"இன்னைக்கு சார் மட்டுந்தான பாக்கப் போறாரு. அரங்குல போடுறதுக்குள்ள எடுத்துருவோம்" என்றான் ரெக்ஸ்லின்.

"கேக்காம ஒருத்தருக்கும் காட்டக்கூடாது. நான் சார்கிட்ட ஒரு நாள் டைம் கேட்டுட்டு வாரேன்" என்று பெல்சியா ஓடினாள். மார்க்கை அன்றே அனுப்ப வேண்டும் என்று சார் கையை விரித்துவிட்டார்.

திரும்பி வந்தால், ரெக்ஸ்லின் ஷாட்டைச் சேர்த்துப் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தான். "நம்ம மூணு பேரு பாஸும் இதுலதான் கெடக்கு" என்றான். பெல்சியாவுக்குச் சென்னை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. ஆனாலும் அந்த ஷாட்டை வீடியோவிலிருந்து எடுத்தாள். கேமரா கார்டில் இருந்ததைத் தொடவில்லை. வாயசைப்பே இல்லாத வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அடுத்த செமஸ்டர் வாங்கம்மா" என்றார் சார்.

அவள் சார் அறையில் நின்ற நேரத்தில், எங்கே ரெக்ஸ்லின் அதை மறுபடி சேர்த்துவிடுவானோ என்று சுடலைமணி அந்த ஷாட்டைக் கம்ப்யூட்டரிலும் கார்டிலும் மீட்க முடியாதபடி அழித்துவிட்டான்.

அவள் வெளியே வரும்போது போன் அடித்தது. கோமதி.

"ஏட்டி, அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன். நல்லா ஏசுனாரு. அப்புறம், எப்ப காட்டுவாங்கன்னு கேக்காரு! நான் சிரிச்சத போட்டிருக்கீங்கல்லா?"

பெல்சியா திரும்ப ஓடி சாரின் முன்னால் நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மார்க் இன்னும் அனுப்பல. அந்த ஷாட்ட சேத்து உடனே கொண்டா" என்றார். மூச்சிரைக்க எடிட்டிங் அறைக்கு வந்தாள். கார்டிலும் கம்ப்யூட்டரிலும் அந்த ஷாட் இல்லை.

"இருந்தாத்தான வம்பு? ஒரு பிள்ளயோட படிப்பு போயிரக் கூடாதுன்னு அழிச்சேன்" என்றான் சுடலைமணி.

இனி உங்கள் முறை. ரெக்ஸ்லின் செய்ததைத்தான் கோமதியும் கடைசியில் விரும்பினாள். சுடலைமணி அழித்ததால் அவள் முகம் யார் கண்ணிலும் படவில்லை. பெல்சியாவால் மூன்று பேருக்கும் பாஸ் போனது. கோமதிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் இவர்களில் யார்?

விடை: பெல்சியா. தன் முகம் வரலாமா வேண்டாமா என்பதைத் தானே சொல்ல வேண்டும் என்றுதான் கோமதி கேட்டாள். ரெக்ஸ்லின் அவள் வேண்டாம் என்று சொல்ல இடம் வைக்கவில்லை. அவள் சரி என்று சொன்னது அவன் அதிர்ஷ்டம், அவன் நியாயம் ஆகாது. சுடலைமணிக்கு மனசு நல்லதுதான். ஆனால் சரி என்று சொல்லவும் அவளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டான். அவளைக் கேட்கும்வரை அந்த ஷாட்டைக் காட்டாமலும் அழிக்காமலும் வைத்திருந்தவள் பெல்சியா ஒருத்திதான். அடுத்த செமஸ்டரில் கோமதி வந்து முழு முகத்தோடு நடித்துக் கொடுத்தாள், மூவரும் பாஸானார்கள். சென்னை வேலையில் அதற்குள் வேறு யாரோ சேர்ந்திருந்தார்கள்.