போஸ்டர் பார்க்கப் போன செவலை

பழைய சினிமா போஸ்டர் வாங்கப் போன மூணு பேரின் சங்கதி இது. மூணு பேருக்கும் சேர்த்து மூளை ஒண்ணு இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தவமணியின் அப்பா 'வெண்கலக் கோட்டை' படத்தில் வேல் பிடித்த சிப்பாயாக நின்றவர். படச்சுருள் எரிந்துபோச்சு. தவமணி கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார். அந்தப் போஸ்டரின் மூலையில் மட்டும் அவர் முகம் உண்டு. "உங்கப்பாவாவது, சினிமாவாவது!" என்று பெண்டாட்டி பூங்கோதை உதட்டைச் சுழிக்கும்போதெல்லாம் மனுஷனுக்கு நெஞ்சு எரியும். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் போஸ்டர் ஏலத்துக்கு வருது என்றதும் துள்ளி எழுந்துவிட்டார்.

விவரம் தெரிந்த ஒருத்தரிடம் போனில் யோசனை கேட்டார்.

"போலி நிறைய நடமாடுது சார். கிழிசல், மடிப்பு, மேல பூசின கலர் எல்லாம் பாக்கணும். உங்க கண்ணை நம்பாதீங்க. வருஷக்கணக்கா போஸ்டரோட பழகினவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டாளிகள் சிங்காரமும் வெள்ளைச்சாமியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"போஸ்டர் ஒட்டுற மாயாண்டியைக் கூப்பிடலாமா?"

"அவன் ஒட்டிட்டுப் போயிருவான். திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"அப்ப கடைசி வரைக்கும் போஸ்டரோட நிக்கிறது யாரு?"

வேறு யார்? பசை ருசிக்காகப் பத்து வருஷமாகப் பஸ் ஸ்டாண்டுச் சுவரை மேய்கிற, வெள்ளைச்சாமி வீட்டுச் செவலைப் பசுதான்!

மண்டபத்து வாட்ச்மேன் மனுஷனை ஆயிரம் கேள்வி கேட்டு உள்ளே விடுகிறவர். மாட்டைப் பார்த்ததும் ஏதோ கோபூஜை என்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு வழிவிட்டார்.

மேஜைமேல் இருந்த முதல் போஸ்டரைச் செவலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "போலி" என்று சிங்காரம் குறித்துக்கொண்டான். இரண்டாவதும் போலி. மூன்றாவது 'வெண்கலக் கோட்டை'. செவலை ஒரு தரம் நக்கியது. அப்புறம் லபக்கென்று இழுத்து மென்று விழுங்கியது.

"அசல்!" தவமணி சந்தோஷத்தில் அழுதேவிட்டார். "ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கல, பாருங்கப்பா!"

ஏலக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பட்டு ஜிப்பா போட்ட பெரிய மனுஷர் ஒருத்தர் எழுந்தார். "மாடே உறுதி பண்ணிருச்சா? அப்ப எனக்கும் வேணும். இப்ப எந்த நிலையில இருக்கு?"

"வெயில் படல, யார் கையும் படல" என்றான் வெள்ளைச்சாமி. "கரையான் உள்ள போகவே முடியாது."

ஏலம் விறுவிறுவென்று ஏறியது. அப்பா கைவிட்டுப் போயிருவாரோ என்று பயந்து தவமணி நாற்காலிமேல் ஏறி நின்றார். இருந்த ஒரே வயலையும் எழுதித் தர்றேன் என்று கத்தித்தான் ஜெயித்தார்.

வீட்டு வாசலில் மாட்டை நிறுத்தினார். "பூங்கோதை, இந்தா பாரு. எங்கப்பா இதுக்குள்ளதான் இருக்காரு!"

பூங்கோதை செவலையை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று முந்தானையைப் போர்த்திக்கொண்டு காலில் விழுந்தாள்.

"வாங்க மாமா! இத்தனை வருஷம் உங்களை நம்பாம இருந்துட்டேனே, பாவி!"

வெள்ளைச்சாமி வழக்கம்போலச் செம்பை எடுத்துக்கொண்டு மடிப்பக்கம் குனிந்தான். பூங்கோதை விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள்.

"எங்க மாமாகிட்டயே பால் கறக்குறியா? வெக்கமா இல்ல?"