நாற்காலியிலிருந்தே இறக்கிய கியர்பாக்ஸ்

சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறை. அதன் மேஸ்திரி நாச்சிமுத்து. அவர் கை ஸ்பேனரைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது, மீசையைத்தான் விடுவதில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார்.

ஐ.டி.ஐ. படித்த சிந்தாமணி அங்கே வேலை கேட்டு வந்தாள். மாரப்பன், செங்கோடன் என்று ஆட்களைப் பேர் சொல்லி மேஸ்திரி விரட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மேஸ்திரி சரின்னா வேலை உனக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி ஓரமாக நின்றார்.

மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "வளையல் போட்ட கைக்கு இங்க என்ன வேலை? அந்த லாரி கியர்பாக்ஸை ஒத்த ஆளா இறக்கு. முடியலீன்னா வீட்டுக்குப் போய்ச் சோறாக்கு."

பட்டறையே சிரித்தது. மூன்று பேர் முக்கி இறக்குகிற சாமான் அது.

"ஒத்த ஆளா யாருங்க இறக்கியிருக்காங்க?"

"யாரா? நான்தான்! இங்க இறங்கின அத்தனையும் நான் ஒருத்தன் இறக்கினது."

"அப்ப நீங்க இறக்கற மாதிரியே இறக்கட்டுங்களா?"

"தாராளமா!" என்று எழுந்து வழிவிட்டார் மேஸ்திரி.

சிந்தாமணி நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள். "டேய் மாரப்பா, ஜாக்கி போடு! செங்கோடா, போல்ட்டைக் கழட்டு! எருமைங்களா, என்ன பார்வை? டீ எங்கடா?"

அந்த நாற்காலியிலிருந்து சத்தம் வந்தால் ஓடியே பழகிய ஆட்கள் ஓடினார்கள். கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தபோது கியர்பாக்ஸ் தரையில் இருந்தது.

"ஏதாச்சும் குறை இருக்குதா மேஸ்திரி?" என்றார் முதலாளி. மேஸ்திரி மீசையிலிருந்து கையை எடுத்தார்.

சிந்தாமணி எழுந்து நாற்காலியைத் துடைத்தாள். "உங்க வேலையைக் கத்துக்கிட்டேனுங்க. அதை நீங்களே வெச்சுக்கங்க" என்றவள், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரிக்கடியில் நுழைந்தாள்.