ஓய்வு நெல்லுக்குக் கருத்துக் கேட்ட மந்திரி

மருதவேலி நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய வாத்தியாருக்கு அறுபது வயதாகிவிட்டால், மாதம் ஒரு கலம் நெல் அரண்மனையிலிருந்து வீடு தேடி வரும். ஓய்வு நெல் என்று அதற்குப் பேர்.

மந்திரி தாண்டவராயருக்கு அந்த நெல்லைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதற்கு நெல்?" என்பார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே ஒரு கிராமம் மானியமாக இருந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஒருநாள் அரசர் விசயமல்லரிடம் புதுத் திட்டம் ஒன்றைக் கொண்டுபோனார். இனி வயது கணக்கில்லை. பாடம் சொல்லவே முடியாமல் போன வாத்தியாருக்கு மட்டும்தான் நெல்.

அரசர் தாடியைத் தடவினார். "வாத்தியார்களைக் கேட்டுவிட்டுச் செய்யும்" என்றார்.

"கேட்காமல் செய்வேனா அரசே?" என்றார் மந்திரி.

அதே வாரம் புதன்கிழமை. சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அம்பலக்கூத்தர் கல்தச்சர் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கல்தச்சர் பெரிய பலகைக்கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். கூத்தர் குனிந்து படித்தார். 'வாத்தியார்கள் யாவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டபடி' என்று இருந்தது.

"எப்போதப்பா ஒப்புக்கொண்டார்கள்?"

"வரும் வெள்ளிக்கிழமை சாமி. அன்றைக்குத்தான் மந்திரி கூட்டம் போடுகிறார்."

கூத்தருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. வெள்ளிக்கிழமை அவரும் கூட்டம் நடந்த சத்திரத்துக்குப் போய் ஒரு தூணோரம் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பது வாத்தியார்கள் வந்திருந்தார்கள். மந்திரி திட்டத்தை வாசித்தார், வாசித்தார், வெயில் உச்சிக்கு ஏறும்வரை வாசித்தார். பிறகு, "யாருக்காவது கருத்து உண்டா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து மேல்துண்டை உதறினார்.

பெரியாண்டான் வாத்தியார் எழுந்தார். நின்று நின்று இரண்டு காலும் வீங்கிப்போன மனிதர். மனைவிக்குக் கண் மங்கிவிட்டது. ஓய்வு பெற்று அவள் பக்கத்தில் இருக்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

"ஐயா, என்னால் பாடம் சொல்ல முடியவில்லை என்று யார் தீர்மானிப்பது?"

"நான்தான். என் முன்னால் பாடம் சொல்லும். எனக்குப் புரிந்துவிட்டால் நீர் இன்னும் வேலைக்கு லாயக்கு. நெல் கிடையாது."

பின்வரிசையில் ஒரு கிழவர், "பல் போய்விட்டது, ழகரம் வரமாட்டேன் என்கிறது" என்றார்.

"மற்ற எழுத்தெல்லாம் இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொடும்" என்றார் மந்திரி. எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். கூட்டம் முடிந்தது.

வெளியே பெரியாண்டான் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கூத்தர் பக்கத்தில் போனார்.

"வாத்தியாரே, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு நாளைக்குச் சபைக்கு வாரும். ஒரே ஒரு பாடம் எடுக்க வேண்டும்."

"யாருக்கு?"

"கொஞ்சம் மந்தமான பிள்ளைக்கு."

மறுநாள் சபையில் அரசர் கேட்டார்: "மந்திரியாரே, வாத்தியார்களைக் கேட்டீரா?"

"கேட்டேன் அரசே."

"உண்மைதான்" என்று கூத்தர் எழுந்தார். "மந்திரி வாயால் கேட்டார், நானே பார்த்தேன். காதால் கேட்கத்தான் நேரம் போதவில்லை. போகட்டும், திட்டம் நல்ல திட்டம். முதல் சோதனையை இங்கேயே நடத்திவிடலாமே?"

துடுக்கன் நம் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று மந்திரிக்கு ஒரே பூரிப்பு. உடனே சம்மதித்தார். பெரியாண்டான் முன்னால் வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். எங்கே, சொல்லும்."

மந்திரி மூன்று தரம் சொன்னார்.

"புரிந்ததா?"

"நன்றாகப் புரிந்தது. ஆகவே இவரால் இன்னும் பாடம் சொல்ல முடியும். இவருக்கு நெல் இல்லை" என்றார் மந்திரி.

"பலே" என்றார் கூத்தர். "பாடம் புரிந்த உம்மையே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கேட்கப்போகிற சம்மதத்தைப் புதன்கிழமையே கல்லில் வெட்டச் சொன்னீரே, அது எப்படி?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் கல்?"

கூத்தர் கைகாட்ட, நான்கு பேர் கல்லைத் தூக்கி வந்து வைத்தார்கள். கூடவே வந்த கல்தச்சர், எழுத்து வெட்டிய நாள் புதன்கிழமை என்று சொன்னார். அரசர் எழுத்தைப் படித்தார். முகம் இறுகியது. மந்திரிக்கு வேர்த்துவிட்டது.

"அரசே, இந்தப் பாடம் எனக்கு... இன்னும் சரியாகப் புரியவில்லை."

"அப்படியானால் பெரியாண்டானால் கற்பிக்க முடியவில்லை. மந்திரியின் சட்டப்படியே அவருக்கு நெல் உண்டு" என்றார் கூத்தர். "அரசே, மீதி முப்பத்தொன்பது பேரும் வாசலில் நிற்கிறார்கள். எல்லோரும் இதே பாடத்தைத்தான் எடுக்கப்போகிறார்கள். வரச்சொல்லவா?"

அரசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு, கல்லை உடைக்கச் சொன்னார். பழைய வழக்கமே தொடரும் என்றார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தருக்குப் போர்த்தினார். கடைசியாகப் பெரியாண்டான் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, இந்த மந்திரியை உம் பள்ளியில் சேர்க்கிறேன். பாடம் புரிகிறவரை மற்றப் பிள்ளைகளோடு தரையில் உட்காரட்டும்."

பெரியாண்டான் மந்திரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும் அரசே. நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இவருக்கு அது போதாது."